முதலில் ஓடிய நடுவர்

எங்கள் ஊர் சத்துர்னினோவை இளவயதில் மேய்ச்சல் மலையில் மின்னல் அடித்தது. பக்கத்தில் மேய்ந்த இரண்டு லாமா மிருகங்கள் செத்தன. அவர் ஒரு காது செவிடானதோடு பிழைத்தார். எங்கள் பக்கம் அப்படிப் பிழைத்தவனைச் சும்மா விடமாட்டார்கள். மலைச்சாமி தொட்ட ஆள், இனி பிணி தீர்க்க வேண்டியவன் என்பார்கள். காய்ச்சல் பிள்ளைகளோடும் காணிக்கைக் கொக்கா இலை மூட்டையோடும் அவர் வாசலில் வந்து நின்றார்கள்.

"எனக்கு ஒரு மந்திரமும் தெரியாது, டாக்டரப் போய்ப் பாருங்க!" என்று விரட்டினார். அவர் ஆசைப்பட்டதெல்லாம் கால்பந்து நடுவராக வேண்டும், தான் விசில் ஊதினால் இருபத்திரண்டு பேரும் கேட்க வேண்டும் என்றுதான்.

பூனோ நகரத்துக்குப் போய்ப் பயிற்சி எடுத்து வந்தார். இடிச்சத்தம் கேட்டால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும், எல்லோரையும் நல்ல கட்டடத்துக்குள் அனுப்ப வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் யாரையும் வெளியே விடக்கூடாது என்று அங்கே சொல்லிக்கொடுத்தது அவர் மனதில் ஆணி அடித்தாற்போல் பதிந்தது.

எங்கள் வட்டாரக் கால்பந்து லீக் அவரைக் கையோடு சேர்த்துக்கொண்டது. ஆட்ட விதி படித்ததற்காக அல்ல.

"சாமி தன் ஆளு மேல மறுபடி கை வைக்குமா? அவரு கிரவுண்டுல நிக்கிற வரைக்கும் நமக்கென்ன பயம்?" என்றார் லீக் தலைவர் பெர்மின்.

அந்த வருட இறுதி ஆட்டத்தில் நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். நான்தான் கோல் கீப்பர். மலைக்குப் பின்னால் இடி உருண்டது. சத்துர்னினோ உடனே விசில் ஊதினார்.

"எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குள்ள போங்க!"

ஒருவரும் அசையவில்லை.

"நீங்கதான் இங்க நிக்கிறீங்களே அண்ணே, அப்புறம் என்ன? ஆடி முடிச்சிருவோம்," என்றான் எதிரணித் தலைவன் ருபெர்த்தோ. அவனுக்கு மஞ்சள் அட்டை காட்டினார். சிரித்தான். சிவப்பும் காட்டினார். வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் வேறு, பத்திரமான இடம் என்று குழந்தைகளோடு வந்து அவரை ஒட்டி நின்றுகொண்டார்கள்.

அடுத்த இடி தலைக்கு மேலேயே விழுந்த மாதிரி இருந்தது. சத்துர்னினோ சுற்றிலும் பார்த்தார். விசிலை வாயிலிருந்து எடுத்தார். பிறகு யாரும் எதிர்பாராத விதமாகப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடத் தொடங்கினார்.

"ஐயோ, அவரே ஓடுறாருடா!"

அவ்வளவுதான். மைதானமே அவர் பின்னால் ஓடியது. வாசலில் பெர்மின் இரண்டு கிழவிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தார். கடைசி ஆள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் வெளியே எல்லாம் வெள்ளையாகிவிட்டது. கண்ணைத் திறந்து பார்த்தால் நான் நின்றிருந்த கோல் கம்பம் கருகி, வலை புகைந்துகொண்டிருந்தது. சத்துர்னினோ சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

மறுவாரம் லீக் கூடியது. நன்றி சொல்ல அல்ல.

"நடுவர்னா கிரவுண்ட விட்டுக் கடைசியா வரணும். இவரு மொத ஆளா ஓடுனாரு," என்றார், இரண்டாவது ஆளாக ஓடிய பெர்மின். "இத விட்டுட்டா நாளைக்கு எவன் விசிலுக்கு மரியாதை குடுப்பான்?"

"ஊதினேனே! ஒருத்தராவது நகந்தீங்களாய்யா?"

பதிலுக்குத் தீர்ப்புதான் வந்தது: ஆயுள் முழுக்கத் தடை. விசிலை வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது ஒரு வாத்தியார்தான் நடுவர். ஆனாலும் ஞாயிறுதோறும் கோட்டோரம் சத்துர்னினோவுக்கு ஒரு நாற்காலி போட்டு, அவித்த உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்துவிடுகிறார்கள். யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. நாற்காலியைத்தான் பார்க்கிறார்கள்.

போன மாதம் நல்ல வெயிலில், ஒன்றுக்குப் போக அவர் எழுந்தார். அடுத்த நொடி இருபத்திரண்டு பேரும், விசிலோடு வாத்தியாரும், பள்ளிக்கூடத்துக்குள் இருந்தார்கள்.

வெறும் மைதானத்தில் சத்துர்னினோ தனியாக நின்றார். ஆட்டத்தை மறுபடி தொடங்கப் பழக்கதோஷத்தில் சட்டைப்பையைத் தடவினார். பையில் ஒன்றும் இல்லை.