பேட்டரிக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் முதலில் சாமி அலமாரிக்குத்தான் போகும். மிக்ஸியோ, ஃபேனோ, என் சைக்கிளுக்கு மாற்றிய டயரோ, எதுவானாலும் என் மனைவி சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிய பிறகுதான் அது வேலைக்குப் போகும். நானும் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூர் நீலசந்திராவில் ஒரு அறையும் சமையற்கட்டுமாக வாடகை வீடு. ஏதோ ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் வாங்கி, அவள் வீட்டிலேயே தமிழ்க் கல்யாணப் பத்திரிகைகள் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன்பு கார்மெண்ட்ஸில் தையல் வேலை. காலையில் தெருமுனையில் வேன் ஹார்ன் அடித்ததும் அரைவயிற்றோடு ஓடுவாள். சூப்பர்வைசரிடம் வாங்கிய திட்டை நினைத்துச் சாயங்காலம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அந்த வேனுக்கு இனி ஓடக்கூடாது என்றே டைப்பிங் கற்றுக்கொண்டாள். அப்பப்பா, என்ன பிடிவாதம்! எனக்கு இப்போதும் மலைப்புதான்.

ஒரு நாள் காலை கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. உள்ளே காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்துபோனால் மிஷினுக்கு எல்லாமே மறந்துவிடும். தன் வயிற்றுக்குள்ளேயே ஹார்ட் டிஸ்க் இருப்பதுகூடத் தெரியாது. அதற்குள்தான் முடித்துவைத்த பத்திரிகை இருந்தது. சாயங்காலம் அவளுக்கு வேலை கொடுக்கும் பிரஸ்காரர் வந்து வாங்கிப்போக வேண்டும். இன்னொரு தடவை தாமதமானால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவரை விட்டால் அவளுக்கு வேறு வாடிக்கை இல்லை. மறுபடியும் வேன்தான்.

லீவு போட்டுவிட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு ஓடிப்போய்ப் புது பேட்டரி வாங்கி வந்தேன். சந்தனம், குங்குமம், கற்பூரம் எல்லாம் ஆயிற்று. மாட்டினோம். ஹார்ட் டிஸ்க் விவரங்களை அவள் பொறுமையாகத் தட்டிச் சேமித்தாள். மிஷின் அணைந்து திரும்பக் கிளம்பி, பழையபடி ஒன்றுமே தெரியாது என்றது. மறுபடி தட்டினாள். மறுபடி மறந்தது.

எனக்கு வந்ததே கோபம்! கடைக்காரன் செத்த பேட்டரியைத் தலையில் கட்டிவிட்டான். அதைக் கழற்றிக் கையில் கொண்டுபோகும் பொறுமைகூட எனக்கு இல்லை. அடுத்த பஸ்ஸில் போய்க் கத்தினேன்.

"நானே செக் மாடி கொட்டெ அல்வா சார்!" என்று கடைக்காரரும் கன்னடத்தில் கத்தினார், தானே செக் பண்ணித்தான் கொடுத்தாராம். பிறகு இன்னொன்றை எடுத்து, என் கண்ணெதிரே மீட்டரில் வைத்தார். முள் துள்ளியது. வாயை மூடிக்கொண்டு வாங்கி வந்தேன்.

அவள் மறுபடி சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். "போன தடவை சும்மா கடுகு மாதிரி வெச்சே. இந்தத் தடவை நல்லா பெருசா வை" என்றேன். வைத்தாள். மாட்டினோம். அதே கதை.

மிஷினின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். "நாசமாப் போன மிஷின்!" அவள் டார்ச்சைப் பிடித்து மெல்லப் பேட்டரியை வெளியே எடுத்தாள். மேல்பக்கச் சந்தனம் காய்ந்துபோய், அதன்மேல், பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும் பித்தளைப் பட்டையின் தடம் பதிந்திருந்தது.

"என்னங்க, ரெண்டு தடவையும் பேட்டரி வேற வேற. பொட்டு மட்டும் ஒண்ணு" என்றாள்.

எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பட்டை பேட்டரியைத் தொடவே இல்லை, சந்தனத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது! அவள் முந்தானையால் பளிச்சென்று துடைத்து உள்ளே வைத்தாள். விவரங்களைத் தட்டினாள். கரகரவென்று ஹார்ட் டிஸ்க் சுற்ற, திரையில் அவள் அடித்த மணமக்களின் பெயர்கள் வந்து நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிரிண்டர் கடைசித் தாளைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது பிரஸ்காரர் வாசலில் செருப்பைக் கழற்றினார். "மிஷின் படுத்துடுச்சாமே? பக்கத்து வீட்டுல சொன்னாங்க. என்ன கோளாறு?"

"கடைக்காரன் டூப்ளிகேட் பேட்டரிய..." என்று நான் ஆரம்பித்தேன்.

"இல்லண்ணா, பேட்டரி நல்ல பேட்டரிதான்" என்று அவள் குறுக்கே வந்தாள். "நான்தான் அது மேல சந்தனம் வெச்சு மாட்டிட்டேன். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை."

போச்சு, இனி இவளை நம்பி யார் வேலை கொடுப்பார்கள் என்று நான் பல்லைக் கடித்தேன். அவரோ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வழக்கமாக வீட்டுக்கு எடுத்துப்போய், தன் தம்பியையும் ஒரு முறை பிழை பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவார். அன்று அப்படியே உறையில் போட்டார்.

"இனிமே உன் வேலைய இன்னொருத்தர் பாக்க வேணாம்மா. தப்பு இருந்தா நீயே சொல்லிடுவே."

பையிலிருந்து அடுத்த கல்யாணத்தின் விவரங்களை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை தெருமுனையில் கார்மெண்ட்ஸ் வேன் ஹார்ன் அடித்தது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.