15.4

நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். இது நடந்தது. றெக்கோட் கொப்பி என் மேசையில் இருக்கிறது. அதில் என் சிவப்பு மையும் இருக்கிறது.

1976 வைகாசி. மானிப்பாய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இராசமலர் கொழும்புத்துறைப் பிள்ளை, தகப்பன் கடல்தொழில். ஒரு செய்முறைக்கு அவள் வரவில்லை. செவ்வாய் பின்னேரத்துக்குள் செய்யாவிட்டால் சோதனைக்கு விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் எடுத்தவள் நான். எனக்கு ஒருவரும் இரக்கப்பட்டு மார்க்ஸ் போடவில்லை.

செவ்வாய், இரண்டு பத்து. வாசலில் நின்றாள்.

"பிந்தினதென்ன? கப்பலிலையோ வந்தனீ?"

"அண்ணைதான் கப்பலிலை, ரீச்சர். அவர் வந்தாப் பிறகுதான் விட்டவை."

செய்முறை லேசு. இசைக்கவையைத் தட்டிக் குழாயின் வாயில் பிடிக்க வேண்டும். உள்ளே தண்ணீரை ஏற்றி இறக்கி, காற்று எந்த நீளத்தில் முழங்குகிறது என்று அளக்க வேண்டும். காற்று குளிர்ந்தால் குழாயின் சுருதி இறங்கும். நீளத்தைக் குறைத்தால்தான் சேரும். அன்று அறைக்குள் முப்பத்திரண்டு பாகை. காலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் 16.2 சென்ரிமீற்றர்.

அவள் குழாயின் மேல் குனிந்தே நின்றாள். 15.4 என்று எழுதினாள்.

வெட்டினேன். பக்கத்தில் 'பொய்' என்று எழுதினேன்.

"அளந்ததைத்தான் எழுதினன், ரீச்சர்."

இசைக்கவையைப் பறித்து நானே தட்டினேன்.

ம்ம்ம்ம்...

15.4.

குழாயைத் தொட்டேன். விரல் விறைத்தது. கண்ணாடியின் வெளிப்புறம் துளிதுளியாக வேர்த்திருந்தது...

நிமிர்ந்தேன்.

ஒருவரும் இல்லை.

இரண்டு இருபத்தேழு.

கொப்பியில் ஒரு மீன்செதில்.

இருந்து கணக்குப் போட்டேன். 15.4 வரவேண்டுமென்றால் குழாய்க்குள் காற்று நாலு பாகையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அன்று எனக்குத் தோன்றியது.

அடுத்த நாள் காலை, லாபைக் கூட்டிக்கொண்டிருந்த கிளரன்ஸ் சொன்னார்.

"இராசமலர் ஞாயிறு மோசம் போயிட்டுதாம், ரீச்சர். காய்ச்சலிலை செத்துப் போச்சு. தமையன் கப்பலிலையெல்லோ. அவன் வருமட்டும் மீன்பெட்டியிலை ஐஸ் போட்டு வைச்சிருந்தவையாம்."

"பிரேதம் எப்ப எடுத்தவை?"

"நேற்று. அவன் வந்துதான் பெட்டியைத் திறந்தவனாம். ரெண்டு மணி."

இடாப்பில் அவள் பெயருக்கு நேரே 'செய்தாள்' என்று எழுதினேன். கொப்பியில் 'பொய்' என்றதை மட்டும் இன்னும் வெட்டவில்லை. அந்த இடத்தில் மை பிடிக்காது.

ஈரம்.