சோதனை எனக்கு மட்டும்தானா?

எங்களுக்குக் குழந்தை இல்லை. வாடிப்பட்டியில் என் மாமியார், "எம் மகனுக்கு என்ன குறை?" என்று என்னை மட்டுமே ஆஸ்பத்திரிகளுக்கு அலைய விட்டார். மதுரை டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் கணவர் சோதனைக்கு வந்தார்.

விந்தணுக்கள் மிகவும் மந்தமாக இருந்தன. பிறப்புறுப்பில் சின்ன மருக்களும் இருந்தன. "இது உறவு மூலமா பரவுற வைரஸ். விந்தணு மந்தத்துக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்" என்றார் டாக்டர்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே வந்துச்சு. ஆரப்பாளையம் லாட்ஜ் வைத்தியர்கிட்ட களிம்பு வாங்கிப் போட்டேன்" என்று முனகினார் கணவர்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? அம்புட்டுப் பேச்சையும் நான்தானே கேட்டேன்!" என்று அங்கேயே கத்திவிட்டேன்.

அந்த வைரஸ் எனக்கும் தொற்றியிருக்குமோ என்று டாக்டர் செய்த கருப்பை வாய்ப் பரிசோதனையில் எனக்குப் பாதிப்பில்லை என்று தெரிந்தது. ஆத்திரம்தான் ஆறவில்லை.

இப்போதெல்லாம் சொந்தத்தில் குழந்தை இல்லையென்று எந்தப் பெண்ணைக் குறை சொன்னாலும், "மொதல்ல மாப்பிள்ளைக்குச் சோதனை பண்ணுங்க" என்கிறேன். மாமியார் பக்கத்தில் இருந்தால் இன்னும் சத்தமாகச் சொல்கிறேன்.