சூசையண்ணையின் சவப்பெட்டிப் பலகை

அன்று மரம் அறுத்து விற்கும் எங்கள் மரக்காலையில் நின்றவர்கள் அப்பா, அம்மா, நான், செத்துப்போன சூசையண்ணையின் தம்பி அந்தோனி. வேறு ஒருவரும் இல்லை.

இப்போது கனடாவில், ரூஜில் மகன் வீட்டு பேஸ்மென்டில் பலகை அறுக்கும்போது அந்த நாள் வந்துவிடுகிறது. "கை கவனம் ராசா" என்று படியில் நின்று கத்துவேன். "ரிலாக்ஸ் அம்மா" என்பான். மின்வாள் நிற்கும்வரை படியை விட்டு அசையமாட்டேன்.

அப்பா வவுனியாவில் பெரிய மர வியாபாரி, பட்டினசபைத் தலைவர். யார் செத்தாலும் சவப்பெட்டிக்குப் பலகை சும்மா கொடுப்பார். சூசையண்ணை எங்கள் மரம் அறுக்கும் வாளில்தான் கை அறுபட்டு, இரத்தம் போய்ச் செத்தார். வாள் பழுதென்று முன்பே அப்பாவிடம் சொல்லியிருந்தார்.

பலகை எடுக்க வந்த அந்தோனியண்ணை, "விலையைச் சொல்லுங்கோ முதலாளி" என்றார்.

"செத்தவீட்டுக்கு நான் காசு வாங்கிறேல்லை."

"அண்ணையைக் கொன்றது உங்கட வாள். உங்கட தருமம் எங்களுக்கு வேண்டாம். வெளியில விலை முந்நூற்றைம்பது ரூபா, அதைத் தாறன்."

அப்பா அவரை அளவுகோலால் அடித்தார். அது முறிந்ததும் கூரைக்கு அடிக்கும் சலாகைக் கட்டையை எடுத்தார். அம்மா அப்பாவின் காலைப் பிடித்துக் கதறியும் நிறுத்தவில்லை.

காது கிழிந்து, வாயெல்லாம் இரத்தமாக எழும்பிய அந்தோனியண்ணை, சட்டைப்பையில் இருந்த நூறு ரூபாயை மரத்தூளின்மேல் வைத்தார். பிறகு பலகைகளைத் தோளில் ஏற்றினார்.

"மிச்சம் இருநூற்றைம்பது ரூபா பிறகு தாறன், முதலாளி."