ஒரே நாளில் மூன்று கார்கள்: நின்றுபோன பிராண்டைத் தேடித் தி.நகர் முதல் ஊரூர் குப்பம் வரை

இந்த வலைப்பூவில் இதுவரை அறுபத்தோரு பயணங்களை எழுதியிருக்கிறேன். எல்லாமே பஸ், ரயில், ஷேர் ஆட்டோ. ஒவ்வொன்றையும் முதல் ஆளாக வாசிப்பவர் என் அம்மா. வாசித்து முடித்ததும் "அங்க பஸ் படி ரொம்ப உயரமா?" என்று கேட்பார். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனதில் ஆறு வருடமாக அவர் எங்கேயும் வந்ததில்லை. நான் ஊர் ஊராகச் சுற்ற, அவர் விழுப்புரத்தில் வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் பிப்ரவரியில் லைசென்ஸ் எடுத்தேன். மே மாதக் கடைசிச் சனிக்கிழமை, பழைய கார் வாங்கச் சென்னைக்குக் கிளம்பினேன்.

கையில் இருந்தது ஒரு லட்சத்து எழுபதாயிரம். அதே பணத்தின் மேல் என் கணவர் சேகருக்கும் ஒரு கண். மொட்டை மாடியில் ஓர் அறை கட்டவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கடைசியில் பேசி முடிவானது இதுதான்: "சனிக்கிழமை ஒரு நாள். கெடைச்சா கார். கெடைக்கலைன்னா திங்கக்கிழமை கொத்தனார் வந்துடுவாரு." நியாயமான மனிதர், துணைக்கும் வந்தார். அவருக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் ஒரு வாரம் வீடியோவாகப் பார்த்துத் தள்ளிவிட்டுச் சட்டைப் பையில் ஒரு காந்தத்துடன் வந்திருந்தார். அடிபட்ட தகட்டைப் பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாதாம்.

நான் தேடியது ஒரு ஜப்பான் பிராண்ட். பெயர் வேண்டாம். முன் கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர், டேஷ்போர்டிலிருந்தே முளைத்த கியர், பாட்டுப் பெட்டிக்குப் பதில் செல்போன் வைக்க ஒரு தாங்கி என்றால் தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு, மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தால் புதுக்கார் என்று தடபுடலாக வந்தது. நம்ம ஒரகடத்தில்தான் தயாரானது. சில வருடங்களுக்கு முன் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார்கள். நின்றுபோன காரென்றால் யாரும் சீண்டமாட்டார்கள், அதனால் விலை மலிவு. என் பட்ஜெட்டுக்கு அதுதான் வழி.

காலை 5.40க்கு ரயில். மாம்பலத்தில் இறங்கும்போது 8.25. மேற்கு மாம்பலம் பக்கம் இறங்கி இட்லி, பொங்கல், இரண்டு காபி, 190 ரூபாய். பிறகு பாலம் ஏறித் தி.நகர் பக்கம் நடந்தோம். காலை ஒன்பது மணிக்கே துணிக்கடை வாசல்களில் கூட்டம் நிற்பதைப் பார்த்தால், நமக்கும் ஏதாவது வாங்கவேண்டும் போலத் தோன்றும். கையைக் கட்டிக்கொண்டு நடக்கவும்.

முதல் கார், கடைகளின் பின்சந்தில். விற்பவர் ஒரு தரகர். கார் அவ்வளவு பளபளப்பு. 1,30,000தான் சொன்னார். சேகர் காந்தத்தை எடுத்து நான்கு கதவு, கூரை, பானட் எல்லாம் வைத்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் 'டக்'கென்று ஒட்டியது. அவர் முகத்தில் கல்யாணம் நிச்சயமான சந்தோஷம்.

எனக்கு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் சொல்லித்தந்தது ஒன்று உண்டு. சென்னையில் பழைய கார் வாங்கினால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்கவேண்டும். இழுத்தேன். முதல் முக்கால் பாகம் சுத்தம். உள்ளே சுருண்டிருந்த கடைசிப் பாகத்தில் காய்ந்த சேறு, கோடு போட்டதுபோல. வெள்ளத்தில் மூழ்கிய கார். எல்லாவற்றையும் கழுவியவர்கள் அதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

"அது ஒண்ணும் இல்ல மேடம், மழைல கொஞ்சம் நனைஞ்சிருக்கும்" என்றார் தரகர்.

"பெல்ட் உள்ள போய் மழை பெய்யுமா பாஸ்?" என்றார் சேகர். காந்தம் காட்டிக்கொடுக்காத கோபம் அவருக்கு.

பனகல் பூங்கா பக்கத்திலிருந்து லஸ்ஸுக்குப் பஸ். பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்கு டிக்கெட் இல்லை, சேகருக்கு மட்டும் பத்து ரூபாய். இந்த வித்தியாசத்தை லஸ் வரும்வரை நினைவூட்டிக்கொண்டே வந்தேன். இறங்கும்போது மணி 10.45.

இரண்டாவது கார் மயிலாப்பூரில், லஸ்ஸிலிருந்து சாந்தோம் போகும் வழியில் ஒரு சந்து வீட்டில். அருள்ராஜ் சார், ஸ்டெல்லா டீச்சர், கணவன் மனைவி இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். விளம்பரம் போட்டவர் சார். கார் ஓடியது வெறும் 19,000 கிலோமீட்டர். இடப்பக்க சைடு மிரர் மட்டும் உடைந்து, செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தது. விலை 1,55,000.

சார் காபி கொடுத்துக்கொண்டே பிராண்டின் கதையைச் சொன்னார். அந்தப் பெயர் ஒரு காலத்தில் வெளிநாடுகளில் கொடிகட்டிப் பறந்ததாம். பிறகு கம்பெனியே அந்தப் பெயரை ஓரங்கட்டிவிட்டது. பல வருடம் கழித்து, நம்மைப் போன்ற நாடுகளுக்காக மறுபடி தூசி தட்டி எடுத்தார்கள்.

"செத்த பேரு உயிர்த்தெழுந்துச்சும்மா. அதுவரைக்கும் எனக்குப் புரியுது. அப்புறம் மறுபடியும் செத்துப்போச்சு. அது எங்க வேதத்துலயே இல்ல" என்று அவரே சிரித்தார்.

"ஏன் சார் ஓடல?"

"மலிவான கார், மலிவான கார்னு அவங்களே விளம்பரம் பண்ணாங்க. முதல் தடவை கார் வாங்குறவன் ஊருக்குக் காட்டத்தானே வாங்குறான்? எதிர்வீட்டுக்காரர் பார்த்த உடனே கேட்டார், டாக்ஸிக்கு விடப்போறீங்களான்னு. பாதுகாப்பு சோதனைல வாங்கின மார்க்கையும் நான் பேரண்ட்ஸ் மீட்டிங்ல சொல்லமாட்டேன். இப்ப ஒரு மிரருக்கு ஆறு மாசமா அலையறேன். கனடால இருந்து பையன் தினம் போன் பண்ணி வித்துடுங்கன்றான்."

ஓட்டிப் பார்க்கலாமா என்றேன். "நான் ஓட்டிக் காட்டறேன்" என்று ஸ்டெல்லா டீச்சர் சாவியை எடுத்தார். அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி சந்தைத் தாண்டியதும் ஆளே மாறிவிட்டார். தேரடிப் பக்கம் காய்கறி வண்டிக்கும் மாட்டுக்கும் நடுவில் அந்தக் காரை நுழைத்து எடுத்த அழகு சொல்லி மாளாது. ஐம்பத்தெட்டு வயதில், ரிட்டையர் ஆன மாதம், தன் பணத்தில் வாங்கிய கார். சார் இத்தனை வருடமும் பக்கத்து சீட்டோடு சரி. அவருக்கும் ஓட்டத் தெரியாதாம். அதைக் கேட்டதும் சேகருக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது.

திரும்பி வந்ததும் டீச்சர் இன்ஜினை நிறுத்தவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையையும் எடுக்கவில்லை. "ஏங்க, இனிமே ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு எதுல போறது?" என்று மட்டும் கேட்டார். "ஆட்டோல" என்று சார் சொன்னது அவருக்கே சரியாகக் கேட்டிருக்காது.

என்னால் அந்தச் சாவியை வாங்க முடியவில்லை. என் அம்மாவுக்கு எது வேண்டும் என்று நான் அலைகிறேனோ, அதை இன்னொருவர் கையிலிருந்து பிடுங்குவதுபோல இருந்தது. "டீச்சர், இன்னும் கொஞ்ச நாள் யோசிங்க" என்று எழுந்துவிட்டேன். தெருமுனையில் சேகர், "கொத்தனார்கிட்ட காலைல ஏழு மணிக்கு வரச் சொல்லவா?" என்றார். சாப்பாட்டுக் கடையில் எனக்குச் சோறு இறங்கவே இல்லை. இரண்டு சாப்பாடு 240 ரூபாய், அதில் என்னுடையது பாதி வீண்.

பெசன்ட் நகருக்கு ஆட்டோ 180 ரூபாய். ஊரூர் ஆல்காட் குப்பத்தில் இறங்கும்போது 1.30, மண்டையைப் பிளக்கும் வெயில். மூன்றாவது காரின் சொந்தக்காரர் தேசம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து அடையாறு அடுக்குமாடி வீடுகளுக்குக் கொண்டுபோய் விற்கிறார், அதுவும் இந்தக் காரில். இப்போது மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, அதனால் அவருக்குக் கொஞ்சம் ஓய்வு.

கதவைத் திறந்தேன். உடனே மூடினேன்.

"இன்னாமா, வாசன கீதா?" என்றார் தேசம்மா. "ஒரு மாசமா மீனே ஏத்தல. அப்பவும் போவ மாட்டேங்குது. பொய் சொல்லி விக்க மாட்டேன். இது மீன் வண்டிதான்."

இந்த நேர்மை பிடித்திருந்தது. நாற்றம் பிடிக்கவில்லை. பெல்ட்டை இழுத்தேன், சுத்தம். காந்தமும் ஒட்டியது. 61,000 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் இன்ஜின் ஒரே சாவியில் எழுந்தது. சாஸ்திரி நகர் வரை ஓட்டிப் பார்த்தேன், கிளட்ச் இதமாக இருந்தது. சேகர்தான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி கேட்டார்: "ஓடுதும்மா. நாளைக்கு ஏதாவது உடைஞ்சா பார்ட்ஸுக்கு எங்க போறது?"

தேசம்மா வீட்டுக்குள் போய் இரண்டு பெரிய சாக்கு மூட்டைகளைத் தரதரவென்று இழுத்து வந்து கொட்டினார். ஹெட்லைட் இரண்டு, பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், பெல்ட், வைப்பர், கதவுக் கைப்பிடிகள், சைடு மிரர்கள். எல்லாம் கம்பெனி அட்டைப் பெட்டியிலேயே இருந்தன. சேகர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"செர்வீஸ் சென்டரு மூடப் போறாங்கன்னு காதுல வுழுந்துச்சு. மூட்டயா அள்ளிக்கினு வந்தேன். சென்டருகாரன் கேக்குறான், உனுக்கு ஒரு வண்டிதான கீது, இத்தினி எதுக்குன்னு. நைனா, தடக்காலம் வருதுன்னா முன்னாடியே நாங்க கருவாடு போட்டு வெக்க மாட்டமா? கம்பெனி நின்னுபோச்சுன்னா அதுவும் தடக்காலந்தான்."

கார் வாங்கியவர்களில் எத்தனையோ படித்தவர்கள் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தபோது, தேசம்மா மட்டும் மூட்டை தைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது. இப்போது வியாபாரம் பெருகிக் குட்டியானை என்கிற சிறு சரக்கு வண்டி வாங்கப் போவதால் இதை விற்கிறார். பிரிய மனமில்லைதான்.

"நாலு சோரூமு போனேம்மா. மீன் கூடகாரின்னு எவனும் ஒக்காருன்னு சொல்லல. இந்த சோரூம்ல மட்டும் சேர் போட்டு கலரு சோடா குட்த்தான். எங்க சந்துல மொத காரு என்துதான். இப்போ அந்த சோரூம் எடத்துல மெத்தக் கட கீது."

அவர் கேட்டது 1,60,000. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசியதில் 1,42,000க்கு வந்தது. "மூட்ட ரெண்டும் கொசுறு. மீனு வாங்குனா கறிவேப்பில குடுக்கறதில்ல? அந்த மாரி" என்றார். பணத்தைச் செல்போனிலேயே அவர் வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டு, பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கி முடிக்கும்போது 3.15.

இடப்பக்க மிரர் இரண்டு இருந்ததைக் கவனித்தேன். சேகரும் கவனித்திருந்தார். வண்டி தானாக மயிலாப்பூருக்குத் திரும்பியது. அருள்ராஜ் சார் மிரரை வாங்கி இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு, விலை கேட்டார். கொசுறுக்கு ஏது சார் விலை என்றேன். டீச்சர் அதை அப்போதே பொருத்த ஸ்குரூடிரைவர் தேடி உள்ளே ஓடினார். விளம்பரத்தை எடுத்துவிட்டதாக மறுநாள் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது, கூடவே புது மிரரில் தெரிந்த டீச்சரின் சிரித்த முகம்.

4.10க்குக் கிளம்பினோம். பெட்ரோல் ஆயிரம் ரூபாய்க்கு. தாம்பரம் தாண்டும்வரை ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டே ஓட்டினேன். செங்கல்பட்டுக்குப் பிறகு காற்று, பாட்டு, வேர்க்கடலை. சேகர் வழியெல்லாம் லாரி லாரியாக எண்ணி எச்சரித்தார். 8.20க்கு வீட்டு வாசலில் நிறுத்தினேன். தெருப் பூனைகள் மூன்று ஓடிவந்து வரவேற்றன.

இதே வழியில் கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சென்னையில் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் தராதீர்கள். கடன் முடிந்த கடிதம், இன்ஷூரன்ஸ் தேதி இரண்டையும் கையில் வாங்கிப் பாருங்கள். வண்டியை ஒப்படைத்த நாளும் நேரமும் எழுதிக் கையெழுத்து வாங்குவது அவசியம். நின்றுபோன பிராண்ட் என்றால் விலையைவிட உதிரிபாகத்தைப் பற்றியே அதிகம் பேசுங்கள், விற்பவர் ஏதாவது சேர்த்து வைத்திருக்கிறாரா என்று வாய்விட்டுக் கேளுங்கள். மீன் வாடைக்கு எலுமிச்சை, காபித்தூள் எதுவும் எடுபடவில்லை. பழைய சாக்ஸில் அடுப்புக்கரி போட்டு சீட்டுக்கு அடியில் வைத்ததில் பத்து நாளில் பாதி குறைந்தது.

அந்தக் கம்பெனி இங்கே தோற்றுப்போனது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கணக்குப்படி உண்மைதான். ஆனால் அந்த ஒற்றை வைப்பர் கார் ஒரு டீச்சருக்கும் ஒரு மீன்காரிக்கும் எனக்கும் முதல் காராக இருந்தது. மூன்று பேருக்கும் அதன் மேல் குறை உண்டு, ஆனால் மூன்று பேரும் அதைத் திட்டும்போது சிரித்துக்கொண்டேதான் திட்டுகிறோம்.

கார் வாங்கிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஏற்றிக்கொண்டு செஞ்சிக்குப் போனோம், 38 கிலோமீட்டர். கோட்டை ஏறவில்லை. அடிவாரத்தில் நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நுங்கு சாப்பிட்டோம். அம்மா வாடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதைத் தட்டச்சு செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து, தான் சொல்வதையும் பயணக் குறிப்பில் கட்டாயம் சேர்க்கவேண்டும் என்கிறார். அவர் சொன்னபடியே தருகிறேன்: "முழங்கால் வலி உள்ளவங்க முன் சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால தள்ளிக்கணும். இடிக்காது. நான் போய்ட்டு வந்து சொல்றேன்."