தடை சொன்னவள்

ரங்கூனுக்கு வந்த மறுநாள் சந்தையில் மீன் விலையைப் பர்மாக்காரர் கடையில் இருந்த ஆணிடம் கேட்டேன். அவன் மடியில் குழந்தை. சிரித்துக்கொண்டே பெண்சாதியைக் கைகாட்டினான். அவள் சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே விரலை மடக்கி விலை சொன்னாள். குறைக்கச் சொல்லி மறுபடியும் அவன் முகத்தையே பார்த்தேன். என் புருஷனை ஏன் பார்க்கிறாய் என்பதுபோல் அவள் முறைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவளை அங்கே ஒருவரும் அடங்காதவள் என்று சொல்லவில்லை. விலை பேச நானுமல்லவா ஆணைத் தேடியிருக்கிறேன்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

பாளையங்கோட்டைப் பக்கத்தில் எங்கள் கிறிஸ்தவச் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லலாம் என்று குருவானவர் அறிவிப்பார். ஒரு வருஷம் என் அத்தை மகன் தன் ஓலைக்கே எழுந்து நின்று, பெண் கறுப்பு, வேண்டாம் என்றான். அந்தப் பெண் முக்காட்டுக்குள் விசும்பியது எனக்குக் கேட்டது. "ஆம்பிள, மனசுல பட்டதைப் பட்டுன்னு சொல்லுதான்" என்று என் அப்பாவே மெச்சினார். அவனைச் சபைக் கமிட்டியிலும் எடுத்தார்கள்.

அடுத்த வருஷம் என் ஓலை. கல்யாணத்துக்குப் பிறகும் நான் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கலாம் என்று பேசித்தான் நிச்சயம் செய்திருந்தார்கள். முதல் ஓலை வாசித்தபின், வேலையை விடவேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. அப்பா தலையாட்டிவிட்டார். இரண்டாம் ஞாயிறு நான் எழுந்தேன்.

"எனக்குச் சம்மதமில்ல, ஐயா. பள்ளிக்கூடத்தை விடமாட்டேன்."

குரலை உயர்த்தக்கூட இல்லை. அடங்காப்பிடாரி என்று முதலில் சொன்னவன் அத்தை மகன்தான். பெண்பிள்ளைகளைக் கெடுத்துவிடுவேன் என்று பள்ளிக்கூடத்திலிருந்தும் நிறுத்தினார்கள். எதற்காக எழுந்தேனோ அதுவே போயிற்று.

இங்கே ரங்கூனில் நம்மவர் சபைப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. கடல் தாண்டினால் அந்தப் பேர் தொலையும் என்று நினைத்தேனே, என் புத்தியை என்ன சொல்ல! அது எனக்கு முன்பே கப்பலேறி வந்திருந்தது. ஓலை வாசிக்கிற வாரமெல்லாம் சனிக்கிழமையே சபை உபதேசியார் என் வீட்டுக்கு வந்துவிடுகிறார். நாங்குநேரிக்காரர், நல்ல மனுஷர்.

"டீச்சரம்மா, நாளைக்கு ஓலை வாசிக்காவ. வாசிச்சு முடிஞ்ச பெறவு பைய வாங்க."

குத்தலாகச் சொன்னால் திருப்பிக் கொடுப்பேன். தயவாகச் சொல்கிறார், அதுதான் பொறுக்கவில்லை. வீம்புக்கு உள்ளே போகலாம். போனால் இந்த வேலையும் போகும். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களே, ஆகையால் அந்த ஞாயிறுகளில் நான் கோயில் படியில் நிற்கிறேன். முதுகுக்குப் பின்னே, தடை உண்டா என்று என் பாஷையில் கேட்கிறார்கள். எதிரே தெருவில் பர்மாப் பெண்கள் உரக்கப் பேசிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் பேச்சு எனக்குப் பாதிதான் புரிகிறது.