தேவமலர் கம்ப்யூட்டருக்குத் தோற்கக் கற்றுக்கொடுத்தது

தேவமலர் மலேசியாவில் அலோர் காஜா என்ற ஊரில் டைப்பிங் டீச்சராக இருந்தாள். தொண்ணூற்றாறில் முதலாளி ஜைனுதீன் டைப்ரைட்டர்களை விற்றுவிட்டுக் கம்ப்யூட்டர்கள் வாங்கிப் போட்டார். மறுநாளிலிருந்து அவள் கம்ப்யூட்டர் டீச்சர். நாற்காலி மட்டும் பழையதேதான்.

கீழே மின்விசிறியும் ரைஸ் குக்கரும் விற்கும் கடை, மாடியில் வகுப்பு. அரசாங்க வேலைக்கு மனுப் போடுகிறவர்கள் காலையில் வந்து படித்துவிட்டுப் போவார்கள். மத்தியானத்துக்கு மேல் ஈ காக்காய் இருக்காது. விலை கொடுத்து வாங்கிய சாமான்கள் சும்மா கிடப்பது ஜைனுதீனுக்குப் பொறுக்கவில்லை.

“டீச்சர், இதுல டாம் விளையாட முடியுமா?” என்று கேட்டார்.

டாம் அந்த வட்டாரத்துக் காப்பிக்கடைகளில் எல்லாரும் ஆடுவது. கட்டம் போட்ட பலகை, காய்களுக்குப் பதில் பாட்டில் மூடிகள். எதிராளியின் காயைத் தாண்டி வெட்ட வேண்டும். எதிர்க் கோடியை எட்டிய காய் ‘ஹாஜி’ ஆகிவிடும். பிறகு அது எந்தப் பக்கமும் எவ்வளவு தூரமும் பாயும்.

“ரெண்டு பேர் உக்காந்து விளையாடுற மாதிரி செய்யலாம் பாய்.”

“ரெண்டு பேர் விளையாட கரண்டு எதுக்கு? ஒத்த ஆளு வந்து மிஷினோட விளையாடணும் லா.”

தேவமலர் மலாக்கா டவுனுக்குப் பஸ் ஏறி, கேம் புரோகிராம் எழுதுவதைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தாள். அதில் பக்கத்துக்குப் பக்கம் மரம் வந்தது. அவள் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள்தான். ஆனால் இந்த மரம் வேர் மேலேயும் கிளை கீழேயுமாக நின்றது. நகர்த்தக்கூடிய ஒவ்வொரு காய்க்கும் ஒரு கிளை, அதற்கு எதிராளி சொல்லக்கூடிய பதில்களுக்கு அதிலிருந்து கிளைகள். இதைப் புரிந்துகொள்வதற்குள் தீபாவளி வந்து போயிற்று.

முதல் புரோகிராமைச் சோதிக்க அண்ணன் ஹரிதாஸைக் கூட்டி வந்தாள். தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். டுரியான் துங்கால் ஊர்க் காப்பிக்கடையில் டாம் என்றால் அவர்தான். கம்ப்யூட்டர் கண்ணில் பட்ட காயையெல்லாம் வெட்டியது. ஹரிதாஸ் ஒரு காயைத் தின்னக் கொடுத்து மூன்றை எடுத்தார்.

“பசியில வந்த ஆளு மாதிரி விளையாடுது” என்றார்.

இன்னும் ஆழமாக யோசிக்கும்படி மாற்றி எழுதினாள். அடுத்த முறை ஹரிதாஸ் தோற்றார். மறுபடியும் உட்கார்ந்தார், மறுபடியும் தோற்றார். லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். தேவமலருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அண்ணன் லாரியில் வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தவள் அந்தச் சந்தோஷத்தோடு பஸ்ஸில் போனாள்.

கம்ப்யூட்டரோடு டாம் விளையாடலாம் என்று ஜைனுதீன் வாசலில் போர்டு வைத்தார். ஆட்கள் வந்தார்கள், தோற்றார்கள், திரும்ப வரவில்லை.

“டீச்சர், தோத்துப் போறதுக்கு எவன் மாடி ஏறி வருவான்? கொஞ்சம் விட்டுக் குடுக்கச் சொல்லுங்க.”

அவ்வப்போது ஒரு தப்பான காயை நகர்த்தும்படி எழுதினாள். ஹரிதாஸை எப்படியோ சமாதானப்படுத்தி மறுபடி உட்கார வைத்தாள். அவர் ஜெயித்தார். ஜெயித்த முகம் தோற்ற முகத்தைவிட மோசமாக இருந்தது.

“மலரு, இது வேணும்னே தோக்குது. என்னைப் பாத்தா பாவமா இருக்கா அதுக்கு?”

புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. ஜெயிப்பது எப்படி என்பதோடு அது முடிந்துவிட்டது. அதனால் தேவமலர் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் பின்னால் காப்பிக்கடைக்குப் போய் ஒரு டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று ஒருவர் கேட்டார். “ஆபீஸ் வேலை” என்றாள்.

அங்கே எவரும் கண்ணை மூடிக்கொண்டு தப்பு செய்யவில்லை. ஒவ்வொரு தப்புக்கும் ஒரு காரணம் இருந்தது. இரண்டு காய் முந்தியதும் ஹரிதாஸ் இடது மூலையைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார். ஹாஜி ஆகப்போகும் காய் ஒன்று இருந்தால் வீடு பற்றி எரிந்தாலும் அதைத்தான் நகர்த்துவார். தேவமலர் அதை அப்படியே எழுதினாள். முந்தும்போது கம்ப்யூட்டருக்கு ஒரு மூலை தெரியாது. ஹாஜி ஆக வாய்ப்பு வந்தால் மற்ற யோசனை நின்றுவிடும்.

ஹரிதாஸ் அதோடு நெடுநேரம் ஆடினார். ஒன்றில் தோற்றார், அடுத்ததில் நூலிழையில் ஜெயித்தார். மேசையைத் தட்டினார்.

“சரியான திமிரு புடிச்சவன். ரெண்டு காய் முந்திட்டா ஆளையே மதிக்க மாட்டேங்குறான்!”

“யாரு மாதிரின்னு தெரியுதாண்ணே?”

“நம்ம காளிதாஸ் மாதிரியே இருக்கான் லா.”

காளிதாஸ் அவரோடு தினமும் ஆடுகிறவர். தேவமலர் அடுத்த ஆட்டத்தைத் திறந்து வைத்தாள்.

அதற்குப் பிறகு மாடியில் உட்கார இடம் கிடைப்பது கஷ்டமாயிற்று. ஆனால் தொண்ணூற்றெட்டில் கடைகளில் வியாபாரம் படுத்தது. ஜைனுதீன் வகுப்பை மூடி, மாடியில் விற்பனைக்கு மெத்தை அடுக்கினார். அழுதாரா என்று தெரியாது, மூக்கைச் சிந்தினார். அவளுக்காக நாலு இடத்தில் அவரே சொல்லி வைத்தார். புக்கிட் பெருவாங்கில் பிள்ளைகளுக்குக் கேம் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்று அவளை எடுத்துக்கொண்டது.

முதல் வேலை, கேமில் பிள்ளைகள் துரத்தினால் ஓடும் கோழி. தேவமலர் குடியிருந்த வரிசையில் பெத்தம்மாள் என்ற அம்மா கோழி வளர்த்தார். தேவமலர் வேலியோரம் நின்று பார்க்க ஆரம்பித்தாள்.

மூன்றாம் நாள் பெத்தம்மாள் வெளியே வந்தார். “கோழி வேணுமாம்மா?”

“இல்லக்கா. எப்படி ஓடுதுன்னு பாக்கணும். கொஞ்சம் விரட்டுறீங்களா?”

பெத்தம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு விரட்டினார்.